வாங்காத வரி

பாலக்காட்டு எல்லையோரம் நல்லேப்பிள்ளியில் பழைய அரிசி ஆலைக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக அங்கே மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து மாதவிடாய் நாப்கின் செய்து, சுற்றுவட்டார வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதை நடத்துபவர் சிவசங்கரி, வயது ஐம்பத்தொன்று. ஒரு காலத்தில் மாதம் எழுநூறு பாக்கெட் போயிற்று. இப்போது ஐந்நூறை ஒட்டிப் போகிறது. பெரிதாக எதையும் அவர் சாதித்துவிடவில்லை. செய்யாத ஒன்றைச் செய்ததாக அவர்மேல் பழி வந்தது. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் பிழைப்பு சிக்கலில்லாமல் நடந்திருக்கும். அவர் ஆட்டவில்லை. அவரைப் பற்றி எழுத இது ஒன்றுதான் காரணம். இதையும் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அந்த மறுப்பில் நேர்மையோடு கொஞ்சம் வீம்பும் கலந்திருந்தது.

சிவசங்கரி பிறந்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இரண்டு ஆண்டுகள் பொள்ளாச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு எட்டுக்குத்தான் உட்கார முடியும். பதினான்கு பெண்களுக்கு ஒரே கழிவறை. மாதத்தில் அந்த மூன்று நாட்கள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று லீவு போட்டவர்களில் அவரும் ஒருவர். பிறகு நல்லேப்பிள்ளி அர்த்தநாரியோடு கல்யாணம். அர்த்தநாரிக்குச் சொந்தமாக முக்கால் ஏக்கர், குத்தகைக்கு இன்னொரு ஒன்றரை. இரண்டிலும் நெல்.

கேரள அரசின் மகளிர் குழுவான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தில் பெண்கள் சேர்ந்து ஏதாவது தொழில் தொடங்கலாம் என்று பேச்சு வந்தபோது ஊறுகாய், அப்பளம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நாப்கின் என்று சொன்னது சிவசங்கரி. கூட்டத்தில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கடன் வாங்கிக் கோயம்புத்தூரிலிருந்து இயந்திரம் வந்தது. மரக்கூழ் அட்டையைப் பஞ்சாக அரைத்து, அச்சில் அழுத்தி, மெல்லிய துணி சுற்றி, சூட்டில் ஒட்டி, கிருமி போகப் புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்து எடுத்து, எட்டெட்டாகக் கவரில் போடுவது. கற்பகம் அழுத்துவார்; அதற்கு முன் இருபத்தைந்து ஆண்டுகள் நடவுக்குப் போனவர். செல்வப்பிரியா ஒட்டுவாள், மூவரில் இளையவள். வீடு வீடாகப் போவது சிவசங்கரி.

வீடுகளுக்குப் போவதற்கும் நேரம் உண்டு. மதியம் இரண்டு முதல் நான்கு வரை, ஆண்கள் வயலில் இருக்கும்போது அல்லது சாப்பிட்டுக் கண்ணயரும்போது. யாராவது எதிர்ப்பட்டால் அது 'சாமான்' என்று ஆகிவிடும். ஒவ்வொரு வீட்டிலும் எல்லோருக்குமாக ஒருவர்தான் வாங்குவார், பெரும்பாலும் மாமியார். ஆகவே ஒரு மாமியார் வேண்டாம் என்றால் மூன்று நான்கு பெண்கள் ஒரேயடியாகப் போய்விடுவார்கள். கடையில் தொங்கும் பாக்கெட்டை வாங்குவது கம்பெனியின் பெயரைப் பார்த்து. சிவசங்கரியிடம் வாங்குவது சிவசங்கரியைப் பார்த்து. உள்ளே என்ன வைத்து அடைத்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாத சாமானில், கொண்டுவருபவரின் வார்த்தையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. நாப்கினுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. பொட்டுக்கும் வளையலுக்கும் வரி கிடையாது என்பதையும் சேர்த்துப் படித்தபோது சிவசங்கரிக்குக் கோபம் வந்தது. அந்த வரியை எடுக்கச் சொல்லிப் பல ஊர்களில் கையெழுத்து வாங்கினார்கள். நல்லேப்பிள்ளியில் வாங்கியது இவர். பை நிறைய நாப்கினும் கையில் காகிதமுமாகப் பெரியம்மாள் வீட்டுக்கும் போனார்.

பெரியம்மாளுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. எட்டு ஏக்கர் நெல், வீட்டில் இரண்டு மருமகள்கள், ஒரு பேத்தி. மாதம் நான்கு பாக்கெட்.

"என்னத்துக்கு அம்மிணி கையெழுத்து? நெலத்த எழுதி வாங்கிக்கறதுக்கா?"

"ஐயோ, அதில்லீங்கத்தை. இந்தச் சாமானுக்கு நூத்துக்குப் பன்னெண்டு ரூவா நிகுதி போட்டுட்டாங்க. பொட்டுக்கு நிகுதி இல்லீங்க. வளையலுக்கு இல்லீங்க. இதுக்கு இருக்குது. அத எடுக்கச் சொல்லித்தானுங்க."

வரியை இங்கே மலையாளத்தில் சொல்வதுபோல நிகுதி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"பொட்டு ஒரு நாளைக்கு வெக்காட்டி என்ன கெட்டுப்போகுது? இது நாம கூப்புட்டா வருது?" என்றார் பெரியம்மாள். "நூத்துக்குப் பன்னெண்டா? பகல் கொள்ளையால்ல இருக்குது. குடு இங்க."

தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மருமகள் மௌனிகாவைக் கூப்பிட்டு மலையாளத்தில் போடச் சொன்னார். பேத்திக்குப் பதினெட்டு ஆகவில்லை, அவள் போட முடியாது என்று சிவசங்கரி சொன்னபோது, "நிகுதி மட்டும் அவகிட்ட வாங்கலாமாக்கும்?" என்று கேட்டார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்தது.

எல்லையோரத்து மக்களுக்கு வரி என்பது புத்தகத்தில் படித்த விஷயமல்ல. கோவிந்தாபுரத்தில் எல்லை வரிச் சாவடி இருந்த காலத்தில், அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை. சிமெண்ட் எங்கே வாங்குவது, பைக் எங்கே வாங்குவது என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். வரி போனால் விலை அன்றைக்கே இறங்க வேண்டும், இறங்காவிட்டால் நடுவில் யாரோ தின்கிறார்கள். இதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

2018 ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, நாப்கினுக்கு வரி இனி இல்லை என்று செய்தி வந்தது. செல்வப்பிரியா போனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடிவந்தாள். கற்பகம் மிக்சர் வாங்கிவரச் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தால்தான் டெல்லியில் முடிவு மாறியது என்று அவர்களில் யாரும் நம்பவில்லை. ஆனாலும் அன்று கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

ஆகஸ்ட் முதல் வாரம் சிவசங்கரி பெரியம்மாள் வீட்டுக்குப் போனார்.

"எத்தன ரூவா அம்மிணி?"

"எப்பவும் போலதானுங்கத்தை. ஒண்ணு முப்பத்திரண்டு."

"எப்பவும் போலயா?" பெரியம்மாள் ஒரு பாக்கெட்டை எடுத்து மருமகளிடம் நீட்டினார். "மௌனிகா, இது பொறகால என்ன எழுதியிருக்குதுன்னு படி."

மௌனிகா மலையாளத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை படித்தாள். அதிகபட்ச விலை முப்பத்திரண்டு ரூபாய், எல்லா வரிகளும் உட்பட.

"நிகுதி போச்சுன்னு டிவியில சொல்லிப் பத்து நாளாச்சு. கையெழுத்து வாங்குனதே நீதான். உள்ள இருந்தது போயிருச்சுன்னா வெல எறங்கோணுமா வேண்டாமா?"

"நாங்க நிகுதி வாங்குனதே இல்லீங்கத்தை. எங்குளுது சின்ன யாவாரம். வருசத்துக்கு இருவது லட்சத்துக்குள்ள இருந்தா அதெல்லாம் இல்லீங்க. கம்பெனிக்காரங்களுக்குத்தான்."

"வாங்குனதே இல்லியா?"

"இல்லீங்க."

"அப்ப உட்படன்னு எதுக்குப் போட்ட?"

சிவசங்கரி அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனார். மரக்கூழுக்கு வரி கட்டுவதையும், விற்கும்போது வாங்காததையும், பதிவு என்றால் என்ன என்பதையும் வேகவேகமாகச் சொன்னார். பெரியம்மாள் முழுதும் கேட்டார்.

"நான் படிக்காதவ. ஆனா எனக்கு இது வெளங்குது. ஒண்ணு, நிகுதின்னு சொல்லி வாங்கி நீயே வெச்சுக்கிட்ட. இல்லீன்னா, வாங்காமயே வாங்குனேன்னு எழுதிப்போட்ட. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

தர்க்கத்தில் பிழை இல்லை. இரண்டாவதுதான் உண்மை. ஆனால் முதலாவதை நம்புவது எளிது.

"திருப்பிக் குடுன்னு கேக்கல அம்மிணி. எங்கூட்டுக்கு இனி வேண்டாம். சதீஷு பொள்ளாச்சி போறப்ப வாங்கியாந்துருவான்."

புருஷன் பேரைக் கேட்டதும் மௌனிகா சிரித்துவிட்டாள். "அவரா? கடையில பேரு சொல்றதுக்கே அவருக்கு வாய் வராதுங்களே அத்தை."

"சீட்டுல எழுதிக் குடு. நீட்டட்டும்."

அந்த எழுத்து கவருக்கு வந்த கதை சாதாரணமானது. முதல்முறை கவர் அடிக்கப் பொள்ளாச்சி அச்சகத்துக்குப் போனபோது, சிவசங்கரி மாதிரிக்கு ஒரு கம்பெனி பாக்கெட்டைக் கொண்டுபோனார். பின்பக்கம் இதேபோல் இருக்கட்டும், பேரும் விலையும் மட்டும் மாற்றுங்கள் என்றார். அச்சகக்காரர் மாற்றினார். மற்றதெல்லாம் அப்படியே வந்தது. நான்கு ஆண்டுகள் ஆயிரக்கணக்கான கவர்கள் அவர் கை வழியாகப் போயின. பின்பக்கத்தை ஒருநாளும் அவர் படிக்கவில்லை. பெரிய கம்பெனியின் பாக்கெட்டைப் போலவே தன் பாக்கெட்டும் இருப்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் அவரைப் படிக்கவிடவில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. கம்பெனி பாக்கெட் நாற்பதிலிருந்து முப்பத்தாறுக்கு வந்தது. இவர்கள் வரியே வாங்காததால் குறைக்க எதுவும் இல்லை. கூழுக்கும் பசைக்கும் கொடுக்கும் வரியோ அப்படியே இருந்தது. எட்டு ரூபாய் வித்தியாசம் நான்காகிவிட்டது. எல்லாப் பெண்களுக்கும் நல்லது என்று சிவசங்கரி ஊரெல்லாம் நடந்து கேட்ட சலுகை, வந்தபோது அவருடைய கொட்டகையைத் தாண்டிப் போயிற்று. சலுகை தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. அதைக் கேட்டவருக்கு அது கிடைத்தாக வேண்டும் என்று எங்கும் விதியில்லை.

கொட்டகையில் மூவரும் பேசினார்கள்.

"நாலு ரூவா குறைச்சுட்டாத் தீந்துச்சுங்கக்கா" என்றாள் செல்வப்பிரியா.

"நாலு ரூவா குறைச்சா நம்ம கூலியில பாதி போயிருது பிரியா."

கற்பகம் அச்சிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "ஒருத்தரும் வாங்காட்டி முழுக்கூலியும் இல்ல, பாதிக்கூலியும் இல்ல. 'ஆமாங்க, நிகுதி போச்சு, குறைச்சுட்டமுங்க'ன்னு சொல்லிட்டுப் போ சங்கரி. வாயா வலிக்குது?"

"அப்படிச் சொன்னா, இத்தன நாளா வாங்குனோம்னு ஆயிருமுங்கக்கா."

"ஆனா ஆகட்டும். கம்பெனிக்காரன் ஒரு வருசமா வாங்குனான். அவன யாராச்சும் திருடன்னு சொன்னாங்களா? வாங்குனவனுக்குப் பேரு கெடல. வாங்காத நாமதான் முழிக்கறோம்."

"பொய்யிங்கக்கா அது."

"பொய்தான். ஆனா எல்லாருக்கும் புடிச்ச பொய்."

சிவசங்கரி கேட்கவில்லை. வீட்டில் அர்த்தநாரியும் அதையே சொன்னார். "குறைச்சுட்டுப் போயேன். உன் வீம்புக்கு மூணு குடும்பம் காயோணுமா?" அதற்கு அவர், "திருடீன்னு பேரெடுத்துட்டு எந்த ஊட்டு வாசல்ல நான் போய் நிக்கறதுங்க?" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோறு போட்டாராம்.

அந்த மாதம் பெரும் மழை. பாலக்காட்டில் முகாம்கள் திறந்தார்கள். நாப்கின் வேண்டும் என்று கேட்டு வந்தபோது, கொட்டகையில் இருந்த நூற்றைம்பது பாக்கெட்டையும் கொடுத்தனுப்பினார்கள். அங்கே யாரும் கவரின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. ஊரில் படித்தார்கள். பெரியம்மாள் சீர் நடந்த ஒரு விசேஷ வீட்டில் சொன்னது மெல்லப் பரவி, செப்டம்பர் தொடக்கத்தில் பத்தொன்பது வீடுகள் நின்றுபோயின. யாரும் சண்டை போடவில்லை. "இந்த மாசம் இருக்குதுங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். முகத்துக்கு நேராகத் திட்டிய ஒரே ஆள் பெரியம்மாள்தான். ஆகவே அவரிடமே திரும்பப் போவது என்று சிவசங்கரி முடிவு செய்தார். கற்பகமும் கூட வந்தார். சமாதானம் பேச அல்ல. இவள் அங்கே போய் மறுபடி பதிவு, சதவீதம் என்று பாடம் நடத்திவிடுவாள் என்ற பயத்தில்.

முதல் போக அறுவடை முடிந்திருந்தது. பெரியம்மாள் வீட்டுக் களத்தில் நெல்லை மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆலைக்காரரின் லாரி வர வேண்டும். பெரியம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏம்மிணி, இன்னும் என்ன?"

"அந்தச் சாமான் விசயமாத்தானுங்கத்தை. கூழுக்கும் பசைக்கும் நாங்க நிகுதி கட்டித்தான் வாங்கறோம். ஆனா உங்களுக்குக் குடுக்கறப்ப ஒரு பைசா நிகுதி சேக்கறதில்லீங்க. அதுதானுங்க நெசம்."

"வாங்கறப்பக் கட்டுவியாம், விக்கறப்ப வாங்கமாட்டியாம். எந்தக் கூமுட்டை அப்படி யாவாரம் பண்ணுவான்?"

"இங்க உங்க களத்துலயே நடக்குதுங்களே" என்றார் கற்பகம்.

"என்ன நடக்குது?"

"உரத்துக்கு நிகுதி கட்டுனீங்க. மோட்டாருக்குக் கட்டுனீங்க. இந்த நெல்லு போகுதே, இதுக்கு எவன்கிட்டயாச்சும் நிகுதி வாங்குனீங்களா?"

மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஆள் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். என்ன சாமான் என்று அவருக்குத் தெரியாது. கூமுட்டை யார் என்பது மட்டும் புரிந்துவிட்டது.

"என்னடா சிரிப்பு? சாக்கப் புடி ஒழுங்கா" என்றார் பெரியம்மாள். நெல்லைப் பார்த்தார். எழுந்து, இருவரையும் வீட்டின் பின்பக்கம் மாட்டுக்கொட்டிலருகே கூட்டிக்கொண்டு போனார்.

"செரி. நெல்லுச் சமாச்சாரம் வெளங்குது. நாங்களும் கட்டறோம், வாங்கறதில்ல. அது செரி. ஆனா நெல்லு மூட்டையில நாங்க நிகுதி உட்படன்னு எழுதறதில்லியே சங்கரி?"

கற்பகம் வாயைத் திறந்தார். சிவசங்கரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது என் தப்புங்கத்தை. கம்பெனி கவரப் பாத்து அப்படியே அடிச்சது. என்ன எழுதியிருக்குதுன்னு நாலு வருசமா நான் படிக்கவே இல்ல. நீங்க படிக்கச் சொன்ன அன்னிக்குத்தான் எனக்கே தெரியும்."

"அன்னிக்கே இதச் சொல்றதுக்கு என்ன?"

"வெக்கமா இருந்துச்சுங்க. அதான் நிகுதியப் பத்தி வெளக்கிக்கிட்டு நின்னேன்."

பெரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மன்னித்ததாகவோ மன்னிக்காததாகவோ எதுவும் சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்லிப் பழகியவர் அல்ல.

"மௌனிகா!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "சாமான் வந்துருக்குது. நாலு வாங்கி வெய்யி."

மௌனிகா வந்தாள். பையைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். "ரெண்டு போதுங்கத்தை."

"ஏன்டி? மறுபடி என்ன?"

"நம்பிக்கை இல்லாம இல்லீங்க. அந்தக் கம்பெனியுது மெல்லிசா இருக்குதுங்க, எனக்கும் பாப்பாவுக்கும் அதே இருக்கட்டும். இதக் கட்டிக்கிட்டு நடந்தா மெத்தை கட்டுன மாதிரி இருக்குது. உங்க பெரிய மருமகளுக்குத்தான் மெத்தை வேணும்."

"மெத்தை என்ன வெலைன்னு கடையில கேட்டுப் பாரு கண்ணு" என்றார் கற்பகம். "நாங்க முப்பத்திரண்டுக்கு எட்டு மெத்தை குடுக்கறோம்."

பெரியம்மாளும் சிரித்துவிட்டார். ஆனால் மௌனிகா இரண்டைத்தான் எடுத்துக்கொண்டாள். ஒரு மாதம் வேறு சரக்கைப் பழகிவிட்டவளிடம் நேர்மையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவள் கேட்பது அதையல்ல. அவளைக் குறை சொல்லவும் எதுவுமில்லை.

வெளியே வந்து வாய்க்கால் கரையில் நடந்தபோது கற்பகம் கேட்டார்: "மிச்சம் பதினெட்டு ஊடு. எல்லா ஊட்லயும் களமும் நெல்லும் இருக்காது. டிரைவர் ஊட்ல என்ன சொல்லுவ? டீச்சர் ஊட்ல என்ன சொல்லுவ?"

சிவசங்கரி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். அடுத்தது அந்த டிரைவர் வீடு. அவர் மனைவி கதவை முக்கால்வாசி மட்டும் திறந்து, "இந்த மாசம் இருக்குதுங்க" என்று வழக்கம்போல் தொடங்கினார்.

"நான் விக்கறதுக்கு வரலீங்க" என்றார் சிவசங்கரி. பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "கவர்ல ஒரு தப்பு எழுதிப்போட்டேன். அத மொதல்ல சொல்லிப்போடறேன். அப்புறம் வேண்டாம்னாலும் செரிங்க."

அந்தப் பெண் இறக்காத பையைப் பார்த்தார். பிறகு கதவை முழுதாகத் திறந்தார்.